காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

“உனக்கு வாய் இருக்கா, இல்ல வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?”

அழகுக்கலைப் பயிற்சியில் சேர்ந்த முதல் நாள் அக்கா என்னைக் கேட்டது இது. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. பார்லர் அவருடையது, பின்னறையில் எங்கள் ஆறு பேருக்கும் பாடம் எடுப்பவரும் அவரே. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் ‘மியூட்’. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவள் நான். அங்கேயும் இதே கதைதான்: பதில் தெரியும், தொண்டைக்கு மேலே ஏறாது. ஏறாததையெல்லாம் யாருக்கும் காட்டாத ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். அக்கா சொன்ன பாடத்தையும் ஒன்று விடாமல் அதில் எழுதினேன். சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் மருந்துத் தண்ணீரில் போட வேண்டும். முழுக்க மூழ்கிப் பத்து நிமிடம். தலைச்சாயம் பூசுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து, அரிப்போ வீக்கமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பு முதல் தடவை சும்மா பார்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவைதான் சண்டைக்கு வரும். இந்தக் கடைசி வரி பிடித்துப்போய் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

செய்முறைத் தேர்வன்று என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது அக்காவின் நாத்தனார். மறுநாள் விமானம் ஏறுகிறார்; நரையோடு மகன் வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டாராம். அக்கா கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் திரும்பவும் சித்தி வீட்டில் நான்கு பிள்ளைகளின் துணி துவைக்க வேண்டியதுதான்.

முடியை நான்காகப் பிரித்து நான்கு கிளிப் மாட்டினேன். கையுறை போட்டேன்.

“போன தடவை சாயம் போட்டப்போ ஏதாவது பண்ணுச்சாம்மா?”

“காதோரம் அரிச்சுது. கண்ணு லேசா வீங்குச்சு. ரெண்டு நாள்ல போயிடுச்சு. நீ பூசு.”

கலக்கி வைத்த கிண்ணத்தை எடுக்கப்போன கை நின்றது.

யாருக்கு என்ன செய்தோம் என்று எழுதிவைக்கும் பதிவேட்டை அக்கா என் பக்கம் தள்ளினார். “முந்தாநாள் தேதி போட்டு, சோதனை பண்ணியாச்சுன்னு எழுது.”

“பண்ணலையேக்கா.”

“அடடே, மியூட்டு பேசுது! நாப்பத்தெட்டு மணி நேரமெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறதுடி. கடையில அதைப் பாத்தா ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

“இன்னிக்குத்தான் பரீட்சைக்கா.”

பின்னால் நின்ற மற்ற ஐந்து பேரில் யாரோ களுக்கென்று சிரித்து, அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டாள். அக்காவின் முகம் சிவந்தது.

“சான்றிதழ் வேணுமா வேணாமா உனக்கு?”

வேண்டும். பேனாவை எடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். ‘சோதனை செய்யவில்லை. முன்பு கண் வீங்கியிருக்கிறது. பூச மறுத்தேன்.’ கீழே என் பெயரை முழுதாக எழுதினேன். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. திருத்தவில்லை.

“திமிர்! தள்ளு, நானே பூசறேன். அண்ணி, தலையைக் குனிங்க.” அக்கா பிரஷை எடுத்தார்.

கிண்ணத்தின் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். கையுறையில் கறுப்பு அப்பியது.

“கைய எடுடி.”

“எடுக்க மாட்டேன்.”

நாத்தனார் பதிவேட்டைத் தன் மடிக்கு இழுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தார். எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு அக்காவை. ஒரு விரல் தானாகக் காதோரம் போய்த் தடவியது. கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, நாற்காலியின் கைப்பிடியில் போட்டார். செருப்பை மாட்டினார். எங்கள் கடையின் நான்கு கிளிப்புகளும் தலையில் மினுங்க, வெயிலில் இறங்கி நடந்தார்.