ஏழாவது வடிகால்

ஆறு என்றிருந்ததை அழுக்குத் துணியால் துடைத்துவிட்டு, மிசாவோ சின்னக் கரும்பலகையில் ஏழு என்று எழுதினாள். தேதி அப்படியே இருந்தது. நின்ற இடமும் அப்படியே. முப்பது வருஷம் மரத்துக்குக் கிளை கழித்த கை அது.

ஜப்பானின் கியூஷு மலையில், சுகி என்னும் ஊசியிலை மரங்களை வெட்டி மொட்டையடித்த சரிவு. லாரிப் பாதையின் குறுக்கே பன்னிரண்டு வடிகால் வெட்டி, மழைத்தண்ணீரைக் காட்டுக்குள் திருப்பிவிட வேண்டும். ஒவ்வொன்றையும் எண் எழுதிய பலகையோடு படம் பிடித்துச் சோதனை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். வெட்டியது நாலு. அதற்குள் மண் தோண்டும் இயந்திரத்தை அடுத்த மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி எட்டுக்கும் இந்த நாலாவதேதான் படம்.

"தொப்பியக் கழட்டுக்கா," என்றான் மேஸ்திரி நாசு, கேமராவைத் தூக்கிக்கொண்டு. "ம், இப்பத்தான் வேற பொம்பள மாதிரி இருக்க."

"வேற பொம்பளயா இருந்தா நான் ஏன்டா இங்க வந்து நிக்கிறேன்?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஏழாவது வடிகால் வரவேண்டிய வளைவுக்கு நேர் கீழே தொமிகோவின் ஓட்டு வீடு. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. புருஷன் போனபிறகு காளான் வளர்க்கும் கட்டைகளோடு அவள் தனியாகத்தான் கிடக்கிறாள்.

"ஏழ மட்டுமாவது கையால வெட்டிரலாம் நாசு. மம்மட்டி இருக்கு."

"பாறைக்கா அது. நாலு பேரு ரெண்டு நாளு மல்லுக்கட்டணும். இன்னிக்குப் படம் போகலைன்னா அடுத்த வெட்டுக்கு அனுமதி இல்ல. குளிர்காலம் பூரா எட்டுக் குடும்பம் என்னத்தத் திங்கும்? நீயே சொல்லு."

அவள் பலகையை நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். பன்னிரண்டு வரைக்கும் பிடித்தாள்.

சோதனைக்கு வந்த அதிகாரி தூறலைப் பார்த்துவிட்டு வண்டியை விட்டு இறங்கவில்லை. உள்ளேயிருந்தே படங்களைப் புரட்டினார். "மூணு வருஷமா ஒங்க பதிவு மட்டுந்தாங்க ஒரே சீரா இருக்கு," என்றார். நாசு இடுப்பு மடியக் குனிந்து வணங்கினான். பக்கத்தில் மிசாவோவும் குனிந்தாள்.

செப்டம்பரில் புயல் வந்தது. இரண்டு நாள் மழை விடாமல் அடித்த பிறகு அவள் தொமிகோவுக்குப் போன் செய்தாள்.

"எங்க வீட்டுக்கு வந்துருடி."

"ஏன், மலையில ஏதும் கோளாறா?"

உண்மை வாய் வரை வந்தது. "இல்லடி. சும்மாதான்."

"சும்மா கூப்புடுற நேரத்தப் பாரு! கூரை ஒழுகுது, காளான் நனையுது. மழ விடட்டும், வாரேன்."

மறுநாள் விடியும்போது வளைவு இருந்த இடத்தில் மலை இல்லை. கீழே வீடும் இல்லை.

அறுந்து நின்ற பாதையோரத்தில் அதே அதிகாரி, கையில் அதே படங்கள். "பன்னெண்டும் முறைப்படி இருக்கு. மழைதான் மிஞ்சிப்போச்சு," என்றார். நாசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏழு கெடையாதுங்க," என்றாள் மிசாவோ. "அஞ்சுலேருந்து எதுவுமே கெடையாது."

அதிகாரி படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுல நிக்கிறது நீங்கதானே?"

"நான்தான்."

அதைக் குறித்துக்கொள்ள அவர் பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை.

கீழே சேற்றில் தொமிகோவைத் தேடி மூங்கில் கழிகளைக் குத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சட்டென்று கையை உயர்த்தினார். மண் அள்ளும் இயந்திரங்கள் நின்றன. சரிவு முழுக்க ஆட்கள் மூச்சை அடக்கிக் காது கொடுத்தார்கள். மண்ணுக்கடியில் எங்கோ தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.