பெலெபெலெயின் வலது கதவு

லுஃபுனோ என் தட்டிலிருந்து கடைசியாக எடுத்தது இரண்டு துண்டு பீட்ரூட். எனக்கு அது பிடிக்காது. சாவு வீட்டுச் சாப்பாட்டில் எப்போதும் என் பங்கு அவனுக்குத்தான். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விரலாலேயே எடுத்துத் தின்றான். சிவந்த விரல்களை என் பாவாடையில் துடைக்கப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன்.

"கறுப்புத் துணிதானே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் என் கணவன்.

அப்போதுதான் தெருவில் வந்து நின்ற காரைப் பார்த்தேன். என் தம்பி பெக்கானி உள்ளே இருந்தான். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, வெளிக் கைப்பிடியைத் தடவிப் பிடித்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

உள்ளிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை.

அந்தக் காரின் பெயர் பெலெபெலெ, அதாவது மிளகாய். இரண்டே கதவு, பெட்டி போன்ற உடம்பு, முப்பது வயதைத் தாண்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இறந்துபோன ஸ்வானே அதை இருபது வருடம் சொவெட்டோவின் தெருக்களில் சுழற்றினார். நான்கு வருடத்துக்கு முன் பெக்கானியிடம் கொடுத்தார். அன்று காலை அவரைப் புதைத்துவிட்டு வந்திருந்தோம். கார் சுழற்றியவனைச் சத்தமில்லாமல் அனுப்பிவைக்க எங்கள் பக்கத்தில் மனம் வராது. அடக்கம் முடிந்ததும் அவன் ஓட்டிய கார் அவன் வீட்டு முக்கில் வட்டமடிக்க வேண்டும். டயர் எரிந்து எவ்வளவு புகை வருகிறதோ அவ்வளவு மரியாதை.

ஓட்டுவது பெக்கானி. சுழலும் காரின் இடது ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிட்டு, கையை விரித்துச் சிரிப்பது லுஃபுனோ. என் தம்பியும் என் கணவனும் ஒரே காரில். நான் க்ளிப்டவுனில் ஒரு பட்டறையில் கார் இருக்கைக்கு உறை தைக்கிறவள்; கதவின் உள்பக்க அட்டைகளைக் கழற்றி, புதுத் துணி போர்த்தி மாட்டுவதும் என் வேலை. பதினோரு வருடம். மற்ற பெண்கள் கார் சுழலும்போது சக்கரத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பார்கள். நான் கதவுகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். தீப்பிடித்தால் கதவு திறக்குமா? அவர்கள் சுழற்றும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஒரே கேள்வி என்னை விடாது.

தட்டை வைத்துவிட்டு காரிடம் போனேன்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"வியாழக்கிழமையிலேர்ந்து, சிசி," என்றான் பெக்கானி. அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "உள்கைப்பிடி சும்மா ஆடுது. அவ்ளோதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்சிய இப்படி வெச்சுப்பே. அதான் சொல்லல."

"வண்டி பத்திக்கிட்டா? நெருப்புக்கு நடுவுல கைய வெளிய நீட்டித் தடவிட்டு இருப்பியா?"

"ஜன்னல் வழியா வந்துருவேன்."

பின்னால் வந்து நின்ற லுஃபுனோ வாய்விட்டுச் சிரித்தான். "நீயா? தல வரும், கை வரும். வயித்த வெளிய எடுக்க முனிசிபாலிட்டிக்குத்தான் சொல்லி அனுப்பணும். உன் பக்கத்துக் கண்ணாடியே பாதிக்கு மேல எறங்காதுடா."

நான் சிரிக்கவில்லை. உள்ளே கையை விட்டுச் சாவியை உருவி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். "இந்தக் கதவு உள்ளேர்ந்து தெறக்கற வரைக்கும் வண்டி நகராது."

முக்கில் அதற்குள் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். ஸ்வானேயின் மனைவி வெளியே வந்தாள். கறுப்புப் போர்வையைத் தோளில் ஊசியால் குத்தியிருந்தாள். மூன்று நாள் அழுத கண்.

"என்ன மகளே? அவருக்காக எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

"அரை மணி நேரம் குடுங்க, மா."

என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, சரியென்றாள். அட்டையை நெம்ப ஒரு மொண்ணைக் கத்தி கேட்டேன். சமையற்கட்டிலிருந்து வெண்ணெய்க் கத்தியும் ஒரு பாத்திரத் துணியும் அவளே கொண்டுவந்து தந்தாள். "இத வெச்சு ரொட்டிக்கு வெண்ணெய் தடவத்தான் எனக்குத் தெரியும். நீ கார அறுக்கப் போறியா?" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் முட்டி போட்டேன். கண்ணாடி இறக்கும் பிடியைக் கழற்றினேன். கை வைக்கும் கட்டையில் இரண்டு திருகு. உள்கைப்பிடியைச் சுற்றிய சட்டத்தில் ஒன்று. கத்தியைத் துணியில் சுற்றி, அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே நுழைத்து, கீழ் மூலையிலிருந்து ஒவ்வொரு பட்டனாக நெம்பினேன். பட், பட் என்று விட்டுக்கொடுத்தன. பட்டறையில் எனக்குப் பிடித்த சத்தம் அது. அன்று ஒவ்வொன்றுக்கும் தூக்கிவாரிப்போட்டது. அட்டையை மேலே தூக்கி உருவி, பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, கதவின் வயிற்றுக்குள் கையை விட்டேன்.

கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பி கையில் தட்டுப்பட்டது. அதன் நுனி எதிலும் மாட்டாமல் தொங்கியது. கம்பியைப் பூட்டோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் க்ளிப், நகம் அளவுதான் இருக்கும், தூள்தூளாகக் கதவின் அடியில் கிடந்தது. வெயிலும் அதிர்வும் தின்றிருந்தன.

உதிரிபாகக் கடை சனிக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும். அப்போது ஒன்றரை. துணி மாட்டும் கம்பியை வளைத்துக் கட்டிப் பார்த்தேன். ஒருமுறை இழுத்ததும் நழுவியது. மறுபடி கட்டினேன். மறுபடி நழுவியது. கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. முக்கிலிருந்து விசில் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"என் பக்கத்துக் கதவுல இருக்கறத எடுத்துக்கோ," என்றான் லுஃபுனோ.

"பேசாம இரு."

"நான் என்னிக்குக் கதவத் தெறந்து எறங்கியிருக்கேன்? எனக்கு ஜன்னல்தான் வாசப்படி. எங்கம்மாகூட என்னை அப்படித்தான் பெத்தெடுத்தாளோ என்னவோ."

"லுஃபுனோ."

"சொல்றதக் கேளு கெத்திவே. இவனால ஜன்னல் வழியா வர முடியாது. என்னால முடியும். கணக்கு அவ்ளோதான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன், இன்றும் சரியாகத்தான் வருகிறது. இடது கதவின் அட்டையையும் கழற்றினேன். க்ளிப்பை உடையாமல் உருவ மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடது உள்கைப்பிடி அப்போதே செத்துப்போனது. இனி அந்தக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அந்தப் பக்கத்துக் கண்ணாடியை அடி வரைக்கும் இறக்கிவிட்டு, யாரும் தவறிப்போய் ஏற்றிவிடக் கூடாதென்று அதன் பிடியை என் பையில் போட்டுக்கொண்டேன். பயத்துக்கு இவ்வளவு மூளை உண்டு.

க்ளிப்பை வலது பூட்டில் மாட்டினேன். கம்பியைச் சொருகி அழுத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் காதோரம் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கீறல் தெரிந்தது.

கதவைச் சாத்திவிட்டு உள்ளிருந்து இழுத்தேன். திறந்தது. மறுபடி. திறந்தது. பத்து முறை இழுத்தேன், பத்து முறையும் திறந்தது.

அட்டைகளை மாட்ட நேரமில்லை. சாவியை பெக்கானியிடம் நீட்டினேன், விடவில்லை. அவன் இழுத்தான். "ஒரு தடவ தாங்கும்," என்றேன். "ரெண்டாவது தடவைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. கேட்டுதா? ஒரே ஒரு தடவ."

பத்து முறை திறந்ததைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னேன். அவனைப் பயமுறுத்தி வைத்தால் நல்லது என்று நினைத்தேனா, அல்லது எனக்கே நம்பிக்கையில்லையா, தெரியவில்லை. பெக்கானி காதில் வாங்கினானா என்பதும் தெரியாது. பக்கத்தில் நின்ற லுஃபுனோ வாங்கினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கீறலை ஒருமுறை குனிந்து பார்த்தான். தலையை ஆட்டினான். பிறகு ஜன்னல் வழியாகக் காலை உள்ளே விட்டு ஏறினான்.

கார் முக்கின் நடுவில் உறுமியது. பின்சக்கரங்கள் தாரைக் கடித்துச் சுழன்றன. வெள்ளைப் புகை எழுந்து பந்தலையும் ஆட்களையும் மூடியது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். புகைக்குள் லுஃபுனோவின் வெள்ளைச் சட்டை தெரிவதும் மறைவதுமாக இருந்தது. நான் வலது கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டயர் வெடித்தது. கூட்டம் துள்ளியது. டயர் வெடித்தால் எங்களுக்கு அதுதான் உச்சம். வெறும் உலோகச் சக்கரம் தாரில் உரசித் தீப்பொறி பறந்தது. இன்னொரு வட்டம். அப்போது வெள்ளைப் புகைக்குள் கறுப்பாக ஒரு கோடு எழுவதைக் கண்டேன். டயர்ப் புகை அப்படி இருக்காது.

"நெருப்பு! நிறுத்து!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கறுப்பு தடித்தது. குலவை இன்னும் உயர்ந்தது. "ஸ்வானே மரியாதைய வாங்கிக்கிட்டாரு! பாருங்க, வாங்கிக்கிட்டாரு!" என்று என் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் கூத்தாடினார். புகை கூடக்கூட மரியாதை கூடியது. யாரும் அசையவில்லை. நான் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

கார் தறிகெட்டு வந்து, வலது முன்சக்கரம் நடைபாதைக் கல்லின் மேல் ஏற, இடது பக்கம் சாய்ந்து நின்றது. அந்த நொடியில் லுஃபுனோ ஜன்னலிலிருந்து குதிப்பதைப் பார்த்தேன். தடுமாறினான், இரண்டு காலில் நின்றான். அவன் தப்பிவிட்டான். அவனைப் பற்றிய கவலையை அங்கேயே விட்டுவிட்டு வலது பக்கம் ஓடினேன்.

போய்ச் சேருவதற்குள் கதவு திறந்தது. பெக்கானி உருண்டு வந்து நடைபாதையில் விழுந்தான். கார் சாய்ந்திருந்ததால் கதவு அவனுக்குப் பின்னால் தானாகவே விழுந்து மூடிக்கொண்டது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மதில் ஓரமாகப் போட்டு, தலையை என் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். அழுதேன். திறந்துவிட்டது, திறந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒரு நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

"லுஃபுனோ எங்க?" என்றான் பெக்கானி.

"வெளிய இருக்கான். பார்த்தேன்."

அப்போதுதான் குலவை நின்றிருந்தது எனக்கு உறைத்தது. எல்லோரும் காரின் மறுபக்கத்தைப் பார்த்து வேறு மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வானேயின் மனைவி வாசலிலிருந்து பார்த்ததைப் பிறகு சொன்னாள். அவன் அந்தப் பக்கத்தில் நின்று பெக்கானியின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டானாம். பதில் வரவில்லை. புகையைத் தாண்டி நாங்கள் அவனுக்குத் தெரிந்திருக்க மாட்டோம். மூடிய கதவு மட்டும் தெரிந்திருக்கும். "அந்தக் கதவு தெறக்காது, அவ சொன்னா," என்று கத்திக்கொண்டே தலையைக் கொடுத்து ஜன்னலுக்குள் பாய்ந்தானாம்.

நான் சுற்றிக்கொண்டு ஓடியபோது இடது கதவு உள்ளிருந்து அதிர்ந்துகொண்டிருந்தது. கைகளால் தள்ளும் அதிர்வு. எத்தனையோ வருடம் ஜன்னலைத் தவிர வேறு வழியை அறியாதவன், மூச்சு முட்டிய நேரத்தில் எல்லா மனிதர்களையும் போலக் கதவைத்தான் தேடியிருக்கிறான். செத்துப்போன கைப்பிடியை இழுத்திருக்கிறான். நான் போய்ச் சேர்வதற்குள் அதிர்வு நின்றுவிட்டது. வெளிக் கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளங்கை அதில் ஒட்டியது. கதவு உடனே திறந்தது.

அவன் என் மேல் சரிந்தான். தோல் அதிகம் கருகவில்லை. உள்ளே போன புகைதான். மருத்துவமனையில் ஒரு தடவை கண் திறந்து, குரல் இல்லாமல் "பெக்கானி?" என்று உதட்டை அசைத்தான். "வெளிய வந்துட்டான்," என்றேன். திங்கட்கிழமை காலை, டாக்டர்கள் வருவதற்கு முன் போய்விட்டான்.

அவனுக்காக யாரும் கார் சுழற்றவில்லை. நான் விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பெக்கானியை உட்காரவைத்துக் கேட்டேன். அந்தக் கதவு எத்தனை இழுப்பில் திறந்தது? என்னைப் பார்க்காமலே சொன்னான். ஆறு மாதம் கழித்து, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று மறுபடி கேட்டேன். அவனுக்குக் கல்யாணம் ஆன வருடம் கேட்டேன். இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. போன வாரம் என் வீட்டுக்கு வந்து, கூரையில் ஒழுகும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கேட்டேன். இரண்டு தடவை இழுத்தேன் என்று அவன் ஒரே ஒருமுறை சொன்னால்கூட, லுஃபுனோவின் காதில் நான் போட்டது வெறும் வீண் பயமில்லை என்றாகும்; எனக்கு அது போதும்.

"ஒண்ணுதான், சிசி," என்றான். "ஒரே இழுப்பு."