மோதிரவிரல்

அந்தச் சனியன் பிடித்த கீபோர்டைப் பந்தலுக்குள் யார் கொண்டுவந்தது என்று வேளாங்கண்ணி கேட்டாள்.  அவள் புருசன் பங்கிராஸ் கிடத்தப்பட்டிருந்த சவப்பெட்டியின் தலைமாட்டில் நாகராசு அதற்கு ஸ்டாண்டு மாட்டிக்கொண்டிருந்தான்.

“மதினி, கோயிலுக்குத் தூக்குறதுக்கு முன்னாடி அண்ணனுக்கு ஒரு மாதா பாட்டு. அம்புட்டுத்தான்.”

“ரெண்டு வருசமா ஒரு போன் இல்ல. இப்ப என்ன அண்ணன் நொண்ணன்?”

நாகராசு பாட்டுக் குழு நடத்துகிறவன். தலை நரைக்கும்வரை அதில் கீபோர்டு வாசித்தவர் பங்கிராஸ். முதலில் வாங்கிய கீபோர்டு இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதை வேனில் ஏற்றும்போதுதான் கதவிடுக்கில் மாட்டி அவருடைய மோதிரவிரல் நசுங்கி, பிறகு சரியாக மடங்காமலே போனது. அதே கம்பெனியின் அடுத்த மாடலில் தாளம் தானாக வந்தது, டிரம்ஸ்காரரை நிறுத்தினார்கள். அதற்கடுத்ததில் வயலினும் புல்லாங்குழலும் வந்தன. அந்த இரண்டு பேரும் போனார்கள். பங்கிராஸோ ஒவ்வொரு புது மாடலையும் துடைத்துத் துடைத்துப் பூரித்துப்போனார். “ஒங்க முறையும் வரும்” என்று வேளாங்கண்ணி சொன்னதற்குச் சிரித்தார். கடைசி மாடலில், வாசிப்பதை அப்படியே பென்டிரைவில் பிடித்துவைக்கலாம். மனுசன் பாட்டுப் பாட்டாக வாசித்துக் கொடுத்து, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு நாகராசுவுக்கு ஒரு பட்டன் போதும் என்றாகிவிட்டது. அப்போதும் திருவிழா மாசம் வந்தால் கச்சேரிச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மாரடைப்பில் போனவருக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தார்கள்.

வேளாங்கண்ணி எழுந்து போய்ச் சுவரோரம் இருந்த கீபோர்டு சுவிட்சில் கை வைத்தாள்.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் மகள் டயானா.

“பாக்கட்டும்.”

அதற்குள் நாகராசு பட்டனை அமுக்கிவிட்டான். கீபோர்டின் கட்டைகளை எவரும் தொடவில்லை, பாட்டு வந்தது. இரண்டாவது அடியில் ஒரு சுரம் கொஞ்சம் பிந்தி விழுந்தது. வேளாங்கண்ணி திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்குள் ஜெபமாலை சுற்றிய அவர் கையில் அந்த மோதிரவிரல் மட்டும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அடியிலும் அந்தச் சுரம் பிந்தித்தான் வந்தது. அவள் கை சுவிட்சிலேயே இருந்தது. அணைக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் நேராகப் போனாள். கீபோர்டில் செருகியிருந்த பென்டிரைவை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“மதினி, நாளைக்கு இலுப்பூர்ல கச்சேரி. பாட்டெல்லாம் அதுலதான் இருக்கு.”

“கீபோர்டு ஒங்கிட்டத்தான இருக்கு. போயி வாசி.”

நாகராசு கட்டைகளைப் பார்த்தபடி நின்றான். கோயில் மணி அடித்தது. சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். வேளாங்கண்ணி முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.