ஒன்பதாவது தளத்துக்கு அப்பால்

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு நிறம் என்றாலே கொஞ்சம் இளக்காரம். பகல் முழுக்க ஊரார் விலா எலும்பையும் முழங்காலையும் சாம்பலில் பார்த்துப் பழகியவள். அதனால்தான் முப்பது வருடத்துக்கு முன் வந்த அந்தக் கையடக்க விளையாட்டுப் பெட்டியின் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம். அதன் சின்னத் திரைக்கு நாலே நாலு சாம்பல்தான் தெரியும். ஊரெல்லாம் அதைப் பரணில் போட்டு மறந்த பிறகு, இவள் மூன்று வருடமாக அதற்கென்று புதிதாக ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் 'கீழ்வீடு'.

பேய் விளையாட்டுதான், ஆனால் பேய் கிடையாது. மண்ணுக்கு அடியில் ஒன்பது தளம் இறங்கும் ஒரு வீடு. விளக்கோடு இறங்கும் ஒரு பெண். எந்தத் தளத்தில் நின்றாலும் அதற்கும் கீழே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவ்வளவுதான். "இதுல என்ன பயம் இருக்கு?" என்று சிரித்தவர்கள் நான்காவது தளத்தில் பெட்டியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள்.

அந்தப் பயத்தில் பாதி அவள் தம்பியின் பாட்டு. தம்பி தையல் மெஷின் பழுது பார்ப்பவன். ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தப் பெட்டியால் ஒரே நேரத்தில் நாலு சத்தம்தான் போட முடியும். அதை வைத்துக்கொண்டே மூன்று நிமிடத்துக்கு ஒரு பாட்டு கட்டிக் கொடுத்தான். அக்காக்காரி என்ன செய்தாள்? இடம் போதவில்லை என்று சொல்லி ஒரு நிமிடத்தோடு வெட்டிவிட்டாள்.

"அப்ப என்னையும் சேத்து வெட்டிடு" என்று எழுந்து போனவன்தான். ஏழு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வீம்பில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் தம்பியின் மனைவி. அவள் தபால்காரி. கணவனுக்குத் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எக்ஸ்ரே அறைக்கு வந்து, பின்னால் ஈயக் கவசங்கள் தொங்கும் சிறிய அறையில் உட்கார்ந்து 'கீழ்வீட்டை' விளையாடித் தவறுகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பத்து வருடமாகக் கதவு தட்டுகிற வேலை. பூட்டியிருக்கிறது என்று எழுதி ஒட்டியிருந்தாலும் ஒருமுறை தள்ளிப் பார்க்காமல் நகர மாட்டாள்.

அன்று கடைசிச் சோதனை. ஐந்து மணிக்குள் விளையாட்டை அனுப்பிவிட வேண்டும். பெட்டியில் செருகும் இருநூறு கார்ட்ரிட்ஜில் கம்பெனிக்காரர்கள் அதை ஏற்றிவிடுவார்கள். ஏறிய பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

தபால்காரி ஒன்பதாவது தளத்துக்கு இறங்கினாள். கதை அங்கே முடிகிறது. அவள் முடிக்கவில்லை. வழக்கம்போல இருட்டான மூலைச் சுவரில் போய் முட்டினாள். முட்டினவள் உள்ளே போய்விட்டாள்.

"அண்ணி, பத்தாவது தளமும் கட்டியிருக்கீங்களா? சொல்லவே இல்லையே."

"பத்தாவதா? அப்படி ஒண்ணு இல்லையேம்மா."

"அப்ப இது என்னவாம்?"

எக்ஸ்ரே எடுப்பவள் எட்டிப் பார்த்தாள். சுவரை இருட்டாக வரைந்தவள், அது சுவர் என்று பெட்டிக்குச் சொல்ல மறந்திருக்கிறாள். அந்தத் தவறு அடுத்த நொடியே அவளுக்கு மறந்துபோனது. திரையில் அவள் கட்டாத ஒரு வீடு விரிந்துகொண்டிருந்தது. எங்கும் போய்ச் சேராத படிகள். தலைகீழாகத் தொங்கும் ஜன்னல்கள். ஒரே தூண் எட்டு முறை, பிறகு வெட்டவெளி, பிறகு மறுபடியும் எட்டுத் தூண். தட்டும் சத்தம் நின்றிருந்தது, பாட்டும் இல்லை. விளக்கேந்திய பெண்ணின் காலடி மட்டும் கேட்டது. மூன்று வருடமாகப் பயத்தைச் செங்கல் செங்கலாக அடுக்கியவள், இப்போதுதான் முதல்முறையாகத் தன் விளையாட்டில் தானே பயந்தாள். அதைவிட, அது அழகாக இருந்தது. வாயைத் திறந்தவள் மூட மறந்தாள்.

"யாரு அண்ணி கட்டினது இதை?"

மடிக்கணினியைத் திறந்து தேடியபோது விடை கிடைத்தது. அந்தப் பெட்டிக்கு எண்களை மட்டும்தான் தெரியும். அறை என்றாலும் எண், ராகம் என்றாலும் எண். வீட்டின் எல்லையைத் தாண்டி யாராவது நடந்தால், அடுத்து என்ன எண்கள் இருக்கின்றனவோ அவற்றையே அறை என்று நினைத்து வரைந்துவிடும். ஒன்பதாவது தளத்துக்கு அடுத்து இருந்தது தம்பியின் பாட்டு.

முழுப் பாட்டும் இருந்தது, மூன்று நிமிடமும். ஏழு மாதத்துக்கு முன் அவள் நடுவில் 'இத்தோடு முடிந்தது' என்று ஒரு குறி போட்டாள். மிச்சத்தை அப்புறம் அழிக்கலாம் என்றிருந்தாள். அழிக்கவில்லை. அழித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மிச்ச வீட்டையும் கட்டி முடித்திருக்கிறாள். இருந்த இடத்துக்குள் எல்லாம் அடங்கியே இருந்தது. போதாமல் போனது அவளுடைய கணக்கு மட்டும்தான்.

ஓர் எண்ணை மாற்றினால் சுவர் சுவராகிவிடும். அரை நிமிட வேலை, ஒருவருக்கும் தெரியாது. சொன்னாலோ, அவன் பிறகு ஜென்மத்துக்கும் தன் முகத்தில் விழிக்க மாட்டானோ என்று பயந்தாள்.

"நீயே அவன்கிட்ட பக்குவமா சொல்லிடேன்மா."

"ஊருக்கெல்லாம் தூது போய்ப் போய் என் காலு தேஞ்சு போச்சு. நீங்களே போங்க அண்ணி. நான் கூட வரேன், வாய மட்டும் தொறக்க மாட்டேன்."

கடையில் தம்பி ஒரு மெஷினைக் கவிழ்த்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எண்ணெய் டப்பாவின் மேல் அவனுக்குத் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. அவள் மடிக்கணினியை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை அவன் முன்னால் நகர்த்தினாள். விளக்கேந்திய பெண் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"வலது பக்கம் போடா."

மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு அழுத்தினான். எட்டுத் தூண், வெட்டவெளி, எட்டுத் தூண். மூன்றாவது திருப்பத்தில் அவன் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு கால் நின்றது.

"அக்கா." ஏழு மாதத்தில் முதல் வார்த்தை. "இது என் பாட்டுக்கா."

"ஆமாண்டா."

"நீட்டிப் பாடுற எடமெல்லாம் தூணா நிக்குது. இந்தப் படி... கீழ இறங்குற அந்த அஞ்சு சுரம்."

அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள். கோயிலுக்குள் நுழைந்தவன்போல நின்றிருந்தான். விளக்கேந்திய பெண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் முதல் அறையிலிருந்து தொடங்கினான். அறைக்கு ஒரு சுரமாக மெல்ல முனகிக்கொண்டே நடத்தினான். அந்தக் குரலுக்கு அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஓரிடத்தில் நின்றான். "இங்கதான வெட்டின?"

"ஆமா."

"இதுக்கு அப்புறமும் இருக்கே?"

"வெட்டலடா. வெட்டிட்டதா நெனச்சுட்டேன். எடம் இருந்துது, எனக்குத்தான் தெரியல. தப்பு என் பேர்ல. உன்னை அநியாயமா நோகடிச்சுட்டேன்."

மெஷினிலிருந்து எண்ணெய் மேசையில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. வெட்டுறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டியா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லடா. எவ்வளவு நீளம்னுதான் பார்த்தேன்."

தபால்காரி தரையைப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுப்பவளுக்கு அழுகை முட்டியது. ஒரு மனிதனின் பாட்டை எலும்பு மாதிரி அளந்து ஒடித்திருக்கிறாள்.

"இப்பவே அந்தக் குறிய எடுத்துடறேன். ஒரே எண்ணு. பாட்டு முழுசா ஓடும். சுவத்தையும் அடைச்சுடறேன்."

"குறியும் அப்படியே இருக்கட்டும். சுவத்த அடைக்காத."

"ஏண்டா?"

"கேக்குறவன் காதுல சும்மா விழுந்துட்டுப் போறதவிட, தேடி வர்றவன் இதுக்குள்ள நடக்கட்டும். இருநூறு பேர்ல ஒருத்தனாவது சுவத்த முட்ட மாட்டானா?" மனைவியைப் பார்த்தான். "இவள மாதிரி ஒண்ணு எல்லா ஊர்லயும் இருக்கும்."

கடிகாரத்தில் ஐந்தாக இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அனுப்புவதற்கு ஒரு நிமிடம் போதும். அவள் கிளம்பப்போவதுபோல மடிக்கணினியை எடுத்தாள். அவன் ஒரு முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினான்.

"எங்க போற? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு பாட்டு. உக்காந்து கேளு."

உட்கார்ந்தாள். வெட்டிய இடத்திலிருந்து விளக்கு நகர்ந்தது. தம்பி பாடினான். தான் ஏழு மாதம் இல்லையென்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் அக்கா முதன்முறையாக நுழைந்தாள்.