ஏழாவது மாடிச் சாசனம்

தை மாதத்துப் பனியில் டெல்லி மயூர் விஹாரின் கட்டடங்கள் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தன. ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் இல்லாத அந்த நேரத்தில் பவுனு ஆறாவது மாடி வீட்டின் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீஸர் தண்ணீர் குளிப்பவர்களுக்கு மட்டும்தான், பாத்திரங்களுக்கு இல்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் ஊசியாய்க் குத்தியது. குக்கரின் அடியில் பிடித்திருந்த பருப்பைச் சுரண்டியபோது விரல் வெடிப்புகளுக்குள் சோப்பு இறங்கிச் சுரீர் என்றது. சிறிது நேரத்தில் எரிச்சலும் மரத்துப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு விடியலிலும் அவள் காத்திருந்தது அந்த மரத்துப்போதலுக்காகத்தான்.

அந்த வீட்டுக்கு அவள் படியேறித்தான் வந்திருந்தாள். வேலையாட்களுக்கான லிஃப்ட் தீபாவளிக்கு முன்பே நின்றுபோய்விட்டது. குடியிருப்பவர்களின் லிஃப்ட் பளபளவென்று கண்ணாடி பதித்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் நாய்கள் போகலாம். நாயின் வாரைப் பிடித்திருக்கிற ஆளும் போகலாம், நாய் கூட இருக்கிறவரை. நாயை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அந்த ஆள் படியில் இறங்க வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரோ யோசித்து, கூட்டம் போட்டு, கைதூக்கி நிறைவேற்றியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் பவுனுவுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மூச்சு வாங்கப் படியில் நிற்பாள்.

செல்லம்மாளால் நிற்க முடியவில்லை. கட்டடத்துக்குப் பெயிண்ட் காயாத காலத்திலிருந்து அங்கே நாலு வீட்டில் வேலை செய்தவள். முட்டி வீங்கி, இரண்டு மாடி ஏறியதும் கால் மடங்கி விழுந்தாள். எழுந்தவள் கண்முன் திறந்து நின்ற அந்த லிஃப்டுக்குள் ஏறிக்கொண்டாள். கேமரா பார்த்துவிட்டது. மறுநாள் காலை கேட்டில் காவல்காரனின் கைப்பேசியில் அவள் படம் சிவப்புக் கட்டத்துக்குள் தெரிந்தது. அந்தக் கட்டம் விழுந்தால் கேட் திறக்காது. நாலு வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நாலு வீடும் போயிற்று.

பக்கத்துத் திரிலோக்புரியில் பவுனுவும் செல்லம்மாளும் குடியிருந்த சந்தில் எல்லாரும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியை நிறுத்திவிட்ட வீட்டில், அவளே வாய் திறந்து ‘நீ போடி’ என்று சொல்லும்வரை இன்னொருத்தி கால் வைக்கக் கூடாது. யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. மீறியவளுக்குத் தண்ணீர் லாரி வரும்போது யாரும் இடம் பிடித்து வைக்க மாட்டார்கள். சந்தில் பெண்கள் பயந்த சட்டம் அது ஒன்றுதான்.

பவுனு கடைசியாக வேலை செய்யும் வீடு சிவஞானத்தினுடையது. மத்திய அரசில் இணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர், அந்தக் குடியிருப்புச் சொசைட்டியின் தலைவர். அவர் மனைவி லீலாவதி ஒரு வாரமாகவே பவுனுவை நச்சரித்துக்கொண்டிருந்தார். செல்லம்மாள் பார்த்த ஐந்தாவது மாடி வீடு அவருடைய சிநேகிதி வீடாம், பாவம் அவள் தானே பாத்திரம் கழுவுகிறாளாம். அந்த ‘பாவம்’ பவுனுவின் காதில் நெடுநேரம் நின்றது. ‘பாக்கறன்மா’ என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஞாயிறு மாலைகளில் சிவஞானத்தின் கூடத்தில் சபை கூடும். மனித உரிமைகளுக்கும் குடிமை உரிமைகளுக்கும் உலகம் முழுமைக்கும் பொதுவாக ஒரு புதிய சாசனம் வரவேண்டும் என்று பல ஊர்களில் பலர் விவாதிக்கிறார்களாம். டெல்லித் தமிழர்களின் கருத்தைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை சிவஞானம் ஏற்றிருந்தார். பவுனு காபி கொண்டு வைக்கும்போதும் டம்ளர் எடுக்கும்போதும் அந்தப் பேச்சு துண்டு துண்டாக அவள் காதில் விழும். மனிதருக்கு உள்ள உரிமை வேறா, குடிமகனுக்கு உள்ளது வேறா என்று ஒரு வாரம் போயிற்று. பொதுத்துறையில் கணக்கதிகாரியாக இருந்த பரமசிவம் மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரர். ஒரு உரிமையை எழுதினால் அதை மறுக்கிறவன் யார் என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் ஆசை என்றார்.

அதற்கு சிவஞானம் சொன்ன பதில் பவுனுவின் நினைவில் தங்கிவிட்டது. “மறுக்கிறது அரசாங்கம்வே. சாசனம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். அது நம்ம வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வரப்பிடாது.”

அப்படியானால் சாசனத்துக்கும் சிவப்புக் கட்டம்தான் என்று பவுனு அடுப்படியில் நினைத்துக்கொண்டாள். பரமசிவம் யோசித்துவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்தார்.

அந்தச் சபையில் எல்லாரையும்விடச் சுறுசுறுப்பானவள் இந்துஜா. டெல்லியிலேயே பிறந்தவள், ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை. போன ஞாயிறு அடுப்படிக்கே வந்து பவுனுவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். “பவுனு ஆன்ட்டி, நெக்ஸ்ட் சண்டே மார்னிங் பப்ளிக் டிபேட். மேல செவன்த் ஃப்ளோர் ஹால்ல. நீங்க வந்து டூ மினிட்ஸ் பேசணும். ஒங்க வாய்ஸ் இல்லாம அது இன்கம்ப்ளீட். இன்னும் யாராச்சும் அனுபவம் இருக்கவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க, ப்ளீஸ்?”

பவுனு சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று திரிலோக்புரிக்கு நடந்து போகையில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கழுவுவதற்கு அல்ல, பேசுவதற்கு. அந்த வாரம் முழுவதும் குனிந்து தரை துடைக்கையில் உதடு தானாக அசைந்தது. பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள். இவ்வளவு சின்னச் சங்கதிக்கு இவ்வளவு மகிழ்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது, மகிழ்ச்சி நிற்கவும் இல்லை.

செல்லம்மாளைக் கூப்பிட்டபோது அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். “கேட்டுக்குள்ளயே வுடாதவள ஏழாவது மாடியில ஏத்தி வெக்கப் போறாங்களா?”

“பேசறதுக்குக் கூப்ட்டுருக்காங்கக்கா. வேலைக்கு இல்ல. உன் முட்டிய நீயே சொல்லு.”

“என் முட்டி எந்த மாநாடு பாத்துது” என்று செல்லம்மாள் சிரித்தாள். ஆனால் கிளம்பி வந்தாள்.

ஞாயிறு காலை வேலைகளை முடித்து, திரிலோக்புரி போய்ச் சேலை மாற்றிக்கொண்டு பவுனு செல்லம்மாளுடன் கேட்டுக்குத் திரும்பியபோது பனி விலகி நோஞ்சான் வெயில் அடித்தது. காவல்காரன் இருவரையும் மேலும் கீழும் பார்த்தான். கைப்பேசியில் அவன் ஏதாவது ஒரு வகையைத் தொட்டாக வேண்டும். வேலைக்காரி, சமையல்காரி, டிரைவர், டெலிவரி, விருந்தாளி. விருந்தாளி என்று தொட்டால் லிஃப்டில் போகலாம். பவுனு சொன்னதைக் கேட்டு அவனுக்கே குழப்பம். கெட்டவன் அல்ல, பீகாரிலிருந்து வந்து பன்னிரண்டு மணி நேரம் நின்றே இருப்பவன். இன்டர்காமில் சிவஞானத்தைக் கூப்பிட்டான். அது எல்லாருக்கும் கேட்கும்படிதான் பேசும்.

“மெய்ட் மே டாலோ பையா” என்றது சிவஞானத்தின் குரல், சலிப்பாக. வேலைக்காரி என்றே போடு. மற்றதையும் அவர் இந்தியிலேயே சொன்னார். படியில் வரச் சொல், விருந்தாளி என்று போட்டால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கிழவியை விடாதே, அவள் தடையில் இருக்கிறவள்.

டெல்லியில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இந்தி புரியாமலா போகும்? அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் குரலைத் தணிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தோன்றாமைதான் பவுனுவை அடித்தது.

கோபம் வரும் என்று எதிர்பார்த்து நின்றாள். வரவில்லை. கோபப்பட எதிரே ஓர் ஆள் வேண்டும். இங்கே அவள் உணர்ந்தது வேறு. சில்லென்று தெளிவாக, அந்த மனிதர்மேல், அவருடைய கூடத்தின்மேல், முறுக்குத் தட்டின்மேல் ஓர் இளக்காரம். இளக்காரம் என்பது மேல்மாடியிலிருந்து கீழே இறங்கி வருவது என்றே இதுநாள்வரை நினைத்திருந்தாள். அது இங்கிருந்தும் மேலே ஏறும் என்று இப்போதுதான் தெரிந்தது. அதற்கு லிஃப்ட் வேண்டாம். கூடவே, நீலச் சேலை கட்டிக்கொண்ட தன்மேலும் கொஞ்சம் வந்தது. அதைத் துடைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தாள்.

முதல் வீட்டை முடித்துவிட்டுச் சந்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குத் திரும்புகிற பெண்கள் இரண்டு மூன்று பேராக வரும் நேரம் அது. என்ன என்று கேட்டு நின்றார்கள். செல்லம்மாள் எல்லாவற்றையும் வரிசை மாற்றி, வசவு சேர்த்துச் சொன்னாள்.

“அக்காவ நாலு வூட்டுக்காரங்க நிறுத்தல” என்றாள் பவுனு. சொல்லும்போதுதான் அவளுக்கே அது பிடிபட்டது. “கேட்டுல நிறுத்திட்டாங்க. அப்ப இந்தக் கேட்டுக்கு உள்ள இருக்கிறது மொத்தமும் ஒரே வூடுதான். அக்கா போன்னு சொல்ற வரைக்கும் நான் கால் வெக்க மாட்டன்.”

எனக்கு உள்ளே ஆறு வீடு என்றாள் ஒருத்தி. பிள்ளைக்கு ஸ்கூல் சீருடை வாங்கவில்லை என்றாள் இன்னொருத்தி. சந்து வழக்கத்தை இவ்வளவு பெரிசாக இழுத்தால் கிழிந்துவிடாதா என்று ஒருத்தி நியாயமாகவே கேட்டாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போனாள், திரும்பி வரவில்லை. அவளை யாரும் திட்டவும் இல்லை. மற்றவர்கள் நின்றார்கள். பிறகு, ஆறு வீட்டுக்காரி, சனியன் பிடித்த படி என்று முனகிக்கொண்டே முதலில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள்.

மேலே காபிக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் சிவஞானம் இறங்கி வந்தார். லிஃப்டில்தான். கூடவே பரமசிவமும் இந்துஜாவும்.

“என்னம்மா பவுனு, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காவ. இங்க உக்காந்து என்ன செய்யுத?”

“எந்த வழியா வரணும் சார்?”

“எப்பவும் வார வழிதான்.”

“எப்பவும் பாத்திரம் கழுவ வரன். இன்னிக்கு நீங்க கூப்ட்டு வந்தன்.”

அவர் குரலை மென்மையாக்கினார். கோப்புகளைத் தள்ளிவைத்துப் பழகிய குரல் அது. “இங்க பாரு. லிஃப்ட் கமிட்டி சமாச்சாரம். சாசனம் வேற. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போடாத.”

“ரெண்டுக்கும் தலைவர் நீங்கதான சார்” என்றாள் ஆறு வீட்டுக்காரி. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவல்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் திரும்பிக்கொண்டான்.

சிவஞானத்தின் முகம் மாறியது. “ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டா நாளைக்கே ஜார்க்கண்ட்ல இருந்து ஆள் வந்து நிக்கும். தெரியும்லா?”

“வரட்டும் சார்” என்றாள் செல்லம்மாள். “அதுங்களுக்கும் முட்டி இருக்கும்ல. நாலு நாள் படி ஏறிட்டு எங்ககூட வந்து உக்காரும்.”

பரமசிவம் வாயைத் திறந்தார். பவுனு அவரையே பார்த்தாள். மறுக்கிறவன் யார் என்று எழுதச் சொன்ன மனிதர், இதோ அவன் பக்கத்திலேயே நிற்கிறான். அவர் தொண்டையைச் செருமி, சாப்பாட்டுக்கு முன்னால் சாசனத்தின் மீதிப் பகுதிகளை முடித்துவிடலாமே என்றார். பவுனு பார்வையை விலக்கிக்கொண்டாள். அந்த மனிதரைப் பற்றி இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

இந்துஜா கைப்பேசியை உயர்த்தினாள். “ஆன்ட்டி, இது ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு, ஒரே ஒரு போட்டோ...”

“படம் வேணாம் கண்ணு. உக்காரதுன்னா உக்காரு.”

அவள் நடைபாதையின் தூசியைப் பார்த்தாள், சிவஞானத்தைப் பார்த்தாள். கைப்பேசியைத் தாழ்த்தினாள். உட்காரவில்லை. ஆனால் மற்ற இருவரும் லிஃப்டுக்குத் திரும்பியபோது கூடப் போகவும் இல்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் குடியிருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தலைவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கேட்டின் முன் கூட்டம் கூடுவது சொசைட்டி விதிகளுக்கு விரோதம். இந்துஜா அதைத் தமிழாக்கிச் சொல்லிவிட்டு, மேலே அடுத்து விவாதிக்கப்போவது கூட்டம் கூடும் உரிமை பற்றி என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது.

பவுனுவுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. நாளைக் காலை தன் படத்தைச் சுற்றியும் அந்தச் சிவப்புக் கட்டம் விழலாம். மாடிகள் அப்படியே நிற்கின்றன. ஒரு சாசனத்திலும் ஒரு வரி மாறவில்லை. ஆனால் பக்கத்தில் ஆறு வீட்டுக்காரியின் தோள் இடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தோளும் இலேசாக நடுங்குவது தெரிந்தது. தெரிந்ததும் அவளுடைய நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

சாலைக்கு எதிர்ப்பக்கத்துச் சொசைட்டியில் வேலை முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். இந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். வங்காளப் பெண்கள் இருவர், பவுனுவின் சந்துக்காரி ஒருத்தி. சந்துக்காரி சாலையைத் தாண்டி வந்து, என்னடி இது என்று கேட்டாள். பவுனு சொன்னாள். அவள் அதை அரைகுறை இந்தியில் மற்ற இருவருக்கும் சொன்னாள். வங்காளப் பெண்களில் மூத்தவள் நிமிர்ந்து தங்கள் கட்டடத்தை ஒருமுறை பார்த்தாள். அங்கேயும் ஒரு லிஃப்ட் கண்ணாடி மின்னியது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

செல்லம்மாள் நீட்டியிருந்த காலைச் சிரமப்பட்டு மடக்கினாள்.

“தள்ளி உக்காருங்கடி” என்றாள். “அவங்களுக்கு எடம் வேணும்ல.”