படத்துக்காக ஒரு தரம்

கமலம்மாவின் வளையல்களை உடைத்தபோது பட்ட காயமே இன்னும் ஆறவில்லை. இடது மணிக்கட்டில் கண்ணாடி கிழித்த கோடு கறுத்துக் கிடந்தது. அந்தக் கைக்கு நேரே மாமியார் சென்னம்மா புது வளையல்களை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"போட்டுக்கோ கமலா. கொஞ்ச நேரந்தான். படம் புடிச்சதும் மறுபடி உடைச்சிடுவாங்க."

கமலம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இனிமே கண்ணாடிகூட பாக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க, அத்தே."

சென்னம்மாவுக்கும் இதில் மனமில்லை. செத்தவன் அவள் பெற்ற பிள்ளை. ஆனால் வாசலில் மூத்த மகன் கோவர்த்தனன் கனைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கனைப்புக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

விஜயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில், கடலைக் கொல்லையில் பாம்பு தீண்டிச் செத்துப்போனான் ஏகாம்பரம். அவன் கருமாதியன்று பெண்டாட்டியின் வளையலை உடைப்பதைப் படமெடுக்க, திருப்பதிக் கல்லூரி ஒன்றில் மானிடவியல் பேராசிரியராக இருந்த ரங்கையா வருவதாக இருந்தது. வழியில் ஜீப் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அதனால் என்ன, இன்னொரு தரம் செய்து காட்டட்டும்" என்றார் அவர், கூத்தில் ஒரு காட்சியைத் திரும்ப ஆடச் சொல்வதுபோல.

கோவர்த்தனன் உடனே தலையாட்டினான். ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, சென்னை ராஜ்யத்துக்குப் போகுமா என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. இவ்வளவு படித்தவர் 'இது தமிழ் ஊர்' என்று மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவன் நம்பினான். அப்படிச் சொல்வதாக ரங்கையா வாக்குக் கொடுக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ரங்கையாவுக்குத் தமிழ் வராது. பேச்சைத் தெலுங்கில் மாற்றிச் சொல்லக் கூட வந்திருந்தவள் தாட்சாயணி, சித்தூர்க்காரி, அவரிடம் ஆராய்ச்சி செய்துவந்த ஒரே பெண். உள்ளே வந்து கமலம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. நான் சார்கிட்ட பேசறேன்."

கமலம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அவரு போனதுலருந்து என் இஷ்டத்தைக் கேட்டது நீ ஒருத்திதாம்மா" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானாகவே மாமியாரிடம் கையை நீட்டினாள்.

வளையல், குங்குமம், கனகாம்பரம், மஞ்சள் கயிறு எல்லாம் ஏறின. குளத்தங்கரையில் அவளை உட்கார வைத்தார்கள். பழைய கமலம்மாவைக் கண்டதும் பெண்கள் சிலர் நிஜமாகவே அழுதார்கள். வளையல் உடைக்கும் மணியம்மா, தானும் இளவயதில் தாலி அறுத்தவள், கல்லோடு குனிந்தாள். ரங்கையா கேமராவில் கண்ணை வைத்தார்.

"செத்த நேரம் நில்லுங்க" என்றாள் கமலம்மா. தாட்சாயணியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, அந்த சாரைக் கேளு. அவருக்கு சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களை இட்டாரச் சொல்லு. இதே எடத்துல குந்த வெச்சி அவங்க வளையலை உடைக்கட்டும். படத்துக்குத்தானே. நானும் பக்கத்துல குந்திக்கினு அழுவறேன்."

"என்ன சொல்கிறாள்?" என்று தெலுங்கில் கேட்டார் ரங்கையா.

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேச்சை அவருக்காகத் தாட்சாயணி மழுப்பிச் சொல்லியிருக்கிறாள். அவள் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது. இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

ரங்கையாவின் முகம் கறுத்தது. சகுனமும் அபசகுனமும் மனிதர் தாங்களாகக் கட்டிக்கொண்டவை என்று வகுப்பில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் தாட்சாயணி இந்தப் படிப்புக்கே வந்திருந்தாள்.

"அபசகுனபு மாட்டலு வத்தனி செப்பு" என்றார் அவர், அபசகுனப் பேச்சு வேண்டாமென்று சொல்லும்படி.

அதை யாரும் மாற்றிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லை ஊர்க்காரர்களுக்குத் தெலுங்கு சரியாகப் பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். மணியம்மா கல்லைக் கீழே வைத்தாள்.

"அவரு பொண்டாட்டிக்கு அபசகுனம்னா நம்ம வூட்டுப் பொண்ணுக்கு மட்டும் இன்னா? ஒரு சாவுக்கு ரெண்டு தரம் உடைக்க எனக்குக் கை வராது. உடைச்சா இன்னொரு சாவு கேக்கும்."

பெண்களின் கண்கள் கோவர்த்தனன் மேல் போயின. அந்த வீட்டில் மிச்சமிருந்த ஆண் அவன் ஒருவன்தான். அவன் மனைவி பாய்ந்து வந்து கல்லை எடுத்துக் குளத்தில் எறிந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கமலம்மா பூவை எடுத்தாள், குங்குமத்தை அழித்தாள், கயிற்றை அவிழ்த்து மாமியாரிடம் கொடுத்தாள். வளையலை மட்டும் கழற்றவில்லை.

"இதை ஊரு பாக்க நீங்கதான் போட்டீங்க. நானா கழட்ட மாட்டேன். உடைக்கறவங்க உடைச்சிக்கலாம்."

உடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அவளை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். சோறு அங்கேயே வந்தது. விடியற்காலையில் தெருவில் அவள் எதிரே வந்தால் ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

திருப்பதி வந்ததும் ரங்கையா, களப்பணி பெண்களுக்குச் சரிப்படாது, இனி நூலகத்தில் வேலை பார் என்று தாட்சாயணியிடம் சொல்லிவிட்டார். கமலம்மா வளையலோடு இருப்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியது. மறு வருஷம் அவர் கட்டுரை வெளிவந்தது. எல்லைக் கிராமங்களில் கல்வியும் முன்னேற்றமும் பரவியதன் பயனாக, விதவைகள் வளையல் அணிவதைக் குடும்பங்களே அனுமதிக்கத் தொடங்கிவிட்டன என்று அதில் எழுதியிருந்தார். அந்த வரியைத் தாட்சாயணி நூலகத்தில் நின்றபடியே படித்தாள். அடுத்த வாரம் படிப்பை விட்டுச் சித்தூர் திரும்பினாள்.

அறுபதாம் வருஷம் எல்லை முடிவானது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. இந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றது. சேதி வந்த அன்று கோவர்த்தனன் கொட்டகை வாசலில் வந்து நின்று கத்தினான்.

"எல்லாம் உன் வளையலாலதான். அந்த அய்யா மனசு கசந்து போனாரு. ஊரே கெட்டுது."

கமலம்மா சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வளையலுக்கு ஊரை நகத்தற சக்தி இருக்குதுன்னா, பாம்பு கடிச்ச அன்னிக்கும் கை நெறைய போட்டுக்கினுதானே இருந்தேன், மாமா. உங்க தம்பி ஏன் செத்தாரு?"

கோவர்த்தனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றும் அவளுக்குச் சோறு கொட்டகையில்தான் வைத்தார்கள்.