கசற்றில் விட்டுப்போன கேள்வி

எங்கள் கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். 1983 இல் என் அக்கா றாஹிலா ராத்தா மாப்பிள்ளையோடு லண்டனுக்குப் போனபோது, உம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்புவோம். போய் நாலாம் மாதம் வந்த கசற்றில் ராத்தா அழுதிருந்தாள். வயிற்றில் பிள்ளை. மச்சானுக்கு இரவும் பகலும் மாறி மாறி வேலை. ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போகவேண்டும். வலி வந்தால் என்ன சொல்வதென்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் சொல்லித்தர அங்கே யாரையும் தெரியாதாம்.

நான் இங்கேயே ஆள் தேடினேன். டியூட்டரி மாஸ்டர் ஒருவர் இலக்கணத்திலிருந்து தொடங்கி ஒரு வருடம் என்றார். அதற்குள் பிள்ளையே பேசிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைசியில் கிடைத்தவர் ஞானராணி மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி, மெதடிஸ்த பெண். வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் தமிழில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை பதிவுசெய்வார். ராத்தா திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவார். அதில் எங்கள் முற்றத்துக் காகங்களும் கரைந்தன. ராத்தா பாடத்தை விட்டுவிட்டு அந்தக் காகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாளாம்.

அடுத்த கசற்றில் வந்தது வினை. கிளினிக்கில் கேட்டதற்கெல்லாம் ராத்தா பதில் சொல்லியிருக்கிறாள். பிறகு கணவர் பெயரைக் கேட்டார்களாம். எங்கள் பெண்கள் அதை வாயால் சொல்வதில்லை. தலையைக் குனிந்து நின்றிருக்கிறாள். எழுதிக் காட்டவும் தோன்றவில்லை. மூன்று தரம் கேட்டுவிட்டு, பாஷை தெரியாதவள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலி வந்த நாளிலும் இப்படி நின்றால்? எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன.

அந்தக் கசற்றைக் கேட்டதும் மிஸ்ஸி ரெக்கோடரை நிறுத்தினார்.

“அந்தக் கேள்விய நான் பாடத்தில விட்டுட்டன் ஹப்ஸா. இஞ்ச ஆஸ்பத்திரி வாட்டில உம்மாமார்தான் அதுக்குப் பதில் சொல்லுவாங்க. நானும் கல்யாணம் முடிச்சுப் பதினொரு வருசம், ஒரு நாளும் சொன்னதில்ல.”

பிறகு அவரே ரெக்கோடரை அமுக்கி, என் கணவரின் பெயர் பெனடிக் என்று இங்கிலீஷில் சொன்னார். முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டுதான் இடைவெளி விட்டார்.

மாசியில் கடைசிக் கசற் வந்தது.

“மச்சான் வேலைல, உம்மா. நான் தனியத்தான் போனன். மச்சான் பேரக் கேட்டாங்க, காலிதீன் எண்டு சத்தமாச் சொன்னன். உடன உள்ள எடுத்தாங்க.”

பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். ராத்தா செய்தது சரியில்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் உம்மாவைப் பார்த்தேன். வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்து அப்போது ஆறு வருடம்.

“அந்த மனிசன்ர பேர நான் ஒரு தரமும் சொல்லல்லியே” என்றார் உம்மா.

இப்போது சொல்லுங்கள் என்றேன். உம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“நீ சொல்லு புள்ள. நான் கேக்கன்.”

மீராமுகைதீன் என்று சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.